ட்வீட்டரை மாற்றுமுன் அளந்தறிக

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. போட்ட பொருள் மீண்டு வாராதாயினும், போட்டது இவ்வளவு என அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. நெல்லுக்கும் பொன்னுக்கும் இதனை உடன்படும் நம்மவர், ஒலி என்று வந்தவுடன், ‘காது இருக்க அளவுகோல் எதற்கு?’ என வினவுகின்றனர். நம் கல்லூரி மாணவர் தம் கையாற் செய்த ஒலிபெருக்கிகள் இரண்டனுள் ஒன்றில் பழுதுற்ற ட்வீட்டரை மாற்றப் புகுந்தபோது இவ்வினா நம் முன்னும் எழுந்தது. அதற்கு நாம் கண்ட விடையை இம்மலரில் எடுத்துரைத்தல் பிறர்க்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

இவ்விஷயத்திற் பழகாதார் பொருட்டு முதற்கண் ஒரு சில கூறுவாம். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை ஒலியாக உணரவல்லது. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர், காந்த இடைவெளியில் இயங்கும் கம்பிச்சுருள் ஒன்று காகிதக் கூம்பை அசைத்து ஒலியெழுப்பும் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். இன்று நம் இல்லங்களிற் பாடும் ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலன அதன் வழித்தோன்றல்களே. ஆயினும் ஒரே கூம்பு எல்லா அதிர்வுகளையும் செவ்வனே எழுப்புதல் அரிது. தாழ்ந்த ஒலிக்குப் பெருங்காற்றை அசைத்தல் வேண்டுமாதலின் அகன்ற கூம்பு தேவை. உயர்ந்த ஒலியிலோ, அலைநீளம் கூம்பின் அகலத்தினும் குறுகியவுடன் ஒலி பரவாது நேர்முன்னே மட்டும் பாய்கின்றது. ஆதலின் தாழ்ந்த ஒலிக்கு ஊஃபர் என்னும் பெரிய கூம்பும், உயர்ந்த ஒலிக்கு 25 மில்லிமீட்டர் அளவிற்றாகிய குமிழையுடைய ட்வீட்டரும் வைத்து, கிராஸ்ஓவர் என்னும் மின்சுற்றினால் அவற்றிற்குரிய பங்கைப் பிரித்தளிக்கின்றனர். இதுவே இருவழி ஒலிபெருக்கி. நம் பெட்டிகளில் அப்பிரிவு 2,500 ஹெர்ட்ஸில் நிகழ்கின்றது.

நிற்க. இப்பெட்டிகள் வெறும் இன்பப் பொழுதுபோக்கிற்கு உரியன அல்ல. கண்பார்வையற்ற மாணவர் சிலர் பாட நூல்களை ஒலிப்பதிவாகக் கேட்டுப் பயிலும் அறையில் இவை நிற்கின்றன. அவருள் முதலாண்டு மாணவர் ஒருவர் ஒருநாள் வந்து, ‘ஐயா, வலப்பக்கத்துப் பெட்டி வாய்க்குள்ளே பேசுகிறது, ‘ச’ எது, ‘த’ எது என்று தெரியவில்லை’ என்றார். நாமும் நம்மினும் மூத்த ஆசிரியர் இருவரும் சென்று செவிகொடுத்துக் கேட்டோம். மூவர்க்கும் குறையொன்றும் புலப்படவில்லை. ‘தம்பி, அது உன் மனப்பிரமை’ எனச் சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறுமொழி கூறாது சென்றார். இவ்வாறு கூறியது நம் பிழை என்பதை ஈண்டு மறைக்க விரும்புகின்றிலோம்.

ஒரு வாரம் கழித்து, பிறிதொரு காரியத்தின் பொருட்டு அளவெடுக்கும் ஒலிவாங்கி ஒன்று கைக்கு வந்தபோது, அப்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரு மீட்டர் தொலைவிற் கருவியை வைத்து அளந்தோம். 2,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டின் வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. 3,000 ஹெர்ட்ஸைக் கடந்தவுடன் வலப்பெட்டியின் கோடு 6 டெசிபெலுக்கு மேலாகச் சரிந்து கிடந்தது. மாணவர் கூறியது முற்றும் மெய். நமக்கு ஏன் கேட்கவில்லையெனின், வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் ஆற்றல் முதலிற் குறைவது மனித இயல்பு. அக்குறை மெல்ல மெல்ல வருதலின் உடையவர்க்கே தெரிவதில்லை. போதாக்குறைக்கு இடப்பெட்டியின் நல்ல ஒலி மற்றதன் குறையை மூடிக்கொண்டது. எழுத்தொலிகளைப் பிரித்தறிவிக்கும் மெல்லிய ஓசைகள் பெரும்பாலும் அவ்வுயர்ந்த பகுதியிலேயே உள்ளன. புத்தகத்தைக் கண்ணாற் காண்பவர்க்கு அஃது ஒரு சிறு குறை. செவியே புத்தகமாக உள்ளவர்க்கோ அஃது எழுத்தழிந்த ஏடு.

பழுதின் காரணம் யாது? பல ட்வீட்டர்களில் கம்பிச்சுருள் அசையும் இடைவெளியில் ஃபெரோஃபுளூயிட் எனப்படும் காந்தத் திரவம் சில துளிகள் இடப்பட்டிருக்கும். விண்வெளியில் எடையற்று மிதக்கும் எரிபொருளைக் காந்தத்தால் ஈர்த்துச் செலுத்துதற்கென 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசாவைச் சார்ந்த ஸ்டீஃபன் பாப்பெல் என்பவர் ஆக்கிய பொருள் அது. ஒலிபெருக்கியிலே அது சுருளின் வெப்பத்தைக் கடத்தி, மிகையான ஆட்டத்தையும் அடக்குகின்றது. ஆண்டுகள் பல சென்றால் உலர்ந்து பசைபோற் கெட்டியாகிச் சுருளையே பற்றிக்கொள்வதும் உண்டு. திறக்கக்கூடிய அமைப்பாயின் பழைய திரவத்தைத் துடைத்தெடுத்துப் புதியது இட்டாலே போதும், மாற்ற வேண்டுவதில்லை. நம்முடையதோ முகப்புத் தகடு அடியோடு ஒட்டப்பட்டதாகலின் திறக்க இயலாதாயிற்று. அதே வகை ட்வீட்டரும் இப்பொழுது உற்பத்தியில் இல்லை.

இனிச் செய்வது யாதென ஆராய்ந்தபோது மூவகைக் கருத்துக்கள் எழுந்தன. பெட்டிகளை எறிந்துவிட்டுப் புதியன வாங்குக என்றனர் ஒரு சாரார். விலை மிகுந்த ட்வீட்டரை வாங்கிப் பொருத்துக என்றனர் மற்றொரு சாரார். கடைக்காரரோ, ‘எட்டு ஓமோ நாலு ஓமோ, ஓட்டைக்குப் பொருந்தினாற் போதும், எதைப் போட்டாலும் பாடும்’ என்றார். பழைய ஆடையிற் கோடித்துண்டை இணைப்பவனைப்பற்றிய உவமையைக் கேளாதார் நம் கல்லூரியில் இலர். ஒட்டு நல்லதாயினும் ஆடையோடு இசையாவிடிற் கிழிசல் பெரிதாகும். ட்வீட்டரின் காரியமும் அத்தன்மைத்தே. அது தனியே சிறந்ததா என்பதன்று வினா. இந்த ஊஃபரோடும் இந்தக் கிராஸ்ஓவரோடும் இந்தப் பெட்டியில் இசையுமா என்பதே வினா.

அதனைத் தெரிந்தெடுத்தற்கு நான்கு அளவுகளை நோக்குதல் வேண்டும் என்போம்.

முதலாவது, உருவம். முகப்புத் தகட்டின் விட்டமும், பலகையிற் குடைந்த துளையின் விட்டமும், பின்புறக் காந்தத்தின் ஆழமும் பொருந்துதல் வேண்டும். துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்குதல் எளிதன்று.

இரண்டாவது, மின்னோட்டத்தை அது மறிக்கும் அளவு. இம்பீடன்ஸ் என்று வழங்குவது. கடைக்காரர் கூற்றின் தவறு ஈண்டு வெளிப்படும். மிக எளிய கிராஸ்ஓவராகிய ஒற்றை மின்தேக்கியையே எடுத்துக்கொள்வோம். 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 8 ஓம் ட்வீட்டரோடு சேர்ந்தால் ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸிற் பிரிக்கும். அதே மின்தேக்கி 4 ஓம் ட்வீட்டரோடு சேர்ந்தால் ஏறத்தாழ 8,400 ஹெர்ட்ஸிற் பிரிக்கும். இடையே ஒரு முழு ஸ்தாயி பாதி உயிரோடு ஒலிக்கும். பாடும் என்பது மெய்யே; பாட்டின் ஒரு பகுதி மெலிந்துபோம்.

மூன்றாவது, உணர்திறன். இதனை 2.83 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு மீட்டர் தொலைவில் இத்தனை டெசிபெல் என அச்சிடுகின்றனர். அவ்வழுத்தம் 8 ஓமில் ஒரு வாட் ஆற்றலையும், 4 ஓமில் இரண்டு வாட் ஆற்றலையும் செலுத்தும். ஆதலின் 4 ஓம் ட்வீட்டரின் எண் 3 டெசிபெல் மிகுந்து காணப்படுவது அதன் திறமையாலன்று, அது மிகுதியாக உண்பதனாலேயாம். இதனை அறியாதார் எண்ணைக் கண்டு மயங்குவர்.

நான்காவது, ஒத்ததிர்வு. ட்வீட்டரின் குமிழ் தானே ஆட விரும்பும் அதிர்வெண் ஒன்று உண்டு. அவ்விடத்தில் அதனை வேலை வாங்கினால் ஒலி சிதைவதோடு சுருளுக்கும் கேடு வரும். ஆதலிற் பிரிவிடம் ஒத்ததிர்வின் இருமடங்கிற்குக் குறையாதிருத்தல் நலம் என்பது கைப்பழக்கம் உடையார் கொள்ளும் விதி. நமக்குப் பிரிவிடம் 2,500 எனின், ஒத்ததிர்வு 1,250 ஹெர்ட்ஸுக்கு மேற்படலாகாது.

இந்நான்கும் பொருந்திய ட்வீட்டர் இரண்டை வாங்கினோம். ஒன்றே பழுதாயினும் இரண்டையும் மாற்றுதல் வேண்டும். இடமும் வலமும் வேறு வேறாயின் பாடகர் நடுவில் நில்லாது ஒருபுறம் சாய்வர். புதியதன் உணர்திறன் 93 டெசிபெல், பழையது 90 என்று அச்சிட்ட தாள்கள் கூறின. மிகுந்த 3 டெசிபெலைக் குறைக்கத் தொடரில் 2.2 ஓமும் இணையில் 20 ஓமும் ஆகிய இரண்டு மின்தடைகளைப் பொருத்தினோம். கணக்குச் சரி, வேலை முடிந்தது எனக் களித்தோம். அளந்து பார்க்கவில்லை.

அம்மாணவரை அழைத்துக் கேட்பித்தோம். சற்று நேரம் அமைதியாக இருந்தவர், ‘ஐயா, இப்போது எழுத்தெல்லாம் தெரிகிறது. ஆனால் ‘ஸ’ வரும்போதெல்லாம் காதிற் குத்துகிறது. ஒரு மணி நேரம் கேட்க முடியாது’ என்றார். இம்முறை மனப்பிரமை என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. அளந்தோம். ட்வீட்டரின் பகுதி முழுவதும் ஊஃபரின் மட்டத்தினும் 2 டெசிபெல் மேலே நின்றது.

அச்சிட்ட எண் பொய்யோ? அன்று. அது வேறோரிடத்து உண்மை. ஆக்குவோர் தம் ஒலிபெருக்கியை மிகப் பெரிய பலகையிற் பதித்து அளக்கின்றனர். நம் பெட்டியின் முகமோ ஒரு சாணுக்குச் சற்று அதிகம். குறுகிய முகத்தில் தாழ்ந்த அலைகள் பின்புறமும் பரவிச் செல்லுதலின் முன்னே நிற்பார்க்கு ஊஃபரின் ஒலி குறைகின்றது. உயர்ந்த அலைகளோ பெட்டியின் விளிம்பில் மோதிச் சிதறி மேடுபள்ளங்களை உண்டாக்குகின்றன. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பிபிசியின் ஆராய்ச்சிப் பகுதியினர் 1970-களில் எல்எஸ்3/5ஏ என்னும் சிறிய இருவழிப் பெட்டியை வகுத்தபோது, ட்வீட்டரைச் சுற்றி நான்கு புறமும் தடித்த கம்பளித் துண்டுகளை ஒட்டினர். அழகுக்காக அன்று, விளிம்பிற் சிதறும் ஒலியைத் தணித்தற்காகவே. ஒரு ட்வீட்டரின் குரல் அது குடியிருக்கும் பெட்டியையும் சேர்த்ததே என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

இனி அளக்கும் முறையைச் சுருங்கக் கூறுவாம். தாழ்ந்த அதிர்விலிருந்து உயர்ந்த அதிர்வு வரை இடையறாது ஏறும் ஒலியொன்றைச் செலுத்தி, ஒலிவாங்கி கேட்டதனின்று பெட்டியின் குணத்தைக் கணித்தெடுக்கும் வழியை இத்தாலிய அறிஞர் ஆஞ்சலோ ஃபரீனா 2000-ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். அதனைச் செய்யும் ரூம் ஈக்யூ விஸார்ட் போன்ற கணினி நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பெட்டியின் ட்வீட்டரும் ஒலிவாங்கியும் தரையினின்று 1.2 மீட்டர் உயரத்தில், ஒன்றற்கொன்று ஒரு மீட்டர் தொலைவில் நிற்கட்டும். சுவர்கள் அதனினும் எட்டியிருக்கட்டும். நேரே வரும் ஒலி ஒரு மீட்டரும், தரையில் மோதி வரும் ஒலி 2.6 மீட்டரும் செல்லும். வேறுபாடாகிய 1.6 மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 4.6 மில்லிசெகண்டு வேண்டும். அக்காலத்திற்குள் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதை நிரலில் வெட்டிவிட்டால், அறையின் எதிரொலி நீங்கிப் பெட்டியின் சொந்தக் குரல் கிடைக்கும். அவ்வளவு 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே செல்லாது. ட்வீட்டரை ஆராய்வார்க்கு அதனாற் குறையொன்றும் இல்லை.

ஊஃபரைத் தனியே ஒருமுறையும், ட்வீட்டரைத் தனியே ஒருமுறையும், இரண்டையும் சேர்த்து ஒருமுறையும், ஒலிவாங்கியை இம்மியும் அசைக்காமல் அளத்தல் வேண்டும். ட்வீட்டரைக் கிராஸ்ஓவர் இன்றி நேரே இயக்க நேர்ந்தால் 22 மைக்ரோஃபாரட் அளவுள்ள மின்தேக்கி ஒன்றைத் தொடரில் இடுக. ஒலியையும் குறைத்து வைத்துக்கொள்க. இக்காவல் இன்றேல், கைதவறி எழும் ஓர் இரைச்சலே புதிய சுருளைச் சுட்டுவிடக்கூடும்.

இறுதியாக ஓர் எளிய சோதனை உண்டு. பிரிவிடத்தில் இரண்டும் ஒத்த காலத்தில் முன்னும் பின்னும் அசைந்தாலன்றி ஒலி கூடாது, ஒன்றையொன்று அழிக்கும். 2,500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 14 சென்டிமீட்டருக்கும் குறைவாகலின், ஒன்று மற்றதனினும் 2 சென்டிமீட்டர் பின்னே இருந்தாலும் 50 பாகைக்கு மேற்பட்ட பிணக்கு உண்டாகும். இரண்டும் இசைந்துள்ளனவா என அறிய, ட்வீட்டரின் இரண்டு கம்பிகளையும் மாற்றி இணைத்து மீண்டும் அளக்க. பிரிவிடத்தில் ஆழ்ந்த பள்ளம் விழுந்தால் நேரான இணைப்பில் அவை நன்கு கூடுகின்றன என்பது பொருள். பள்ளம் ஆழமின்றியோ இடம்பெயர்ந்தோ இருப்பின் கிராஸ்ஓவரைத் திருத்துதல் வேண்டும். நம் பெட்டிகளிற் பள்ளம் 20 டெசிபெலுக்கு மேல் ஆழ்ந்தது. ஆதலின் கிராஸ்ஓவரைத் தொடாது மின்தடைகளை மட்டும் 3.3 ஓமும் 10 ஓமுமாக மாற்றினோம். 2 டெசிபெல் இறங்கியது. இரு கோடுகளும் ஒரு மட்டமாயின. மாணவர் வந்து கேட்டு, ஒரு பாடம் முழுவதையும் முடித்தபின்னரே எழுந்தார். அவர் வேறொன்றும் கூறவில்லை. கூற வேண்டுவதும் இல்லை.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவன உள. ஒலி கேட்பதற்கே உரியதாதலின் காதே முடிந்த நீதிபதி என்பர். உடன்படுகின்றோம். ஆயின் எவர் காது? அறுபது வயதுக் காதா, பதினெட்டு வயதுக் காதா? வாங்கியவர் காதா, விற்றவர் காதா? மிகுந்த விலை கொடுத்தவன் காது அவ்விலைக்கு ஈடான இனிமையைத் தானே கற்பித்துக்கொள்ளும். தலைவன் ‘நன்று’ என்றால் சுற்றியுள்ளார் காதும் ‘நன்று’ என்னும். அளவுகோல் காதின் பகையன்று. காதுகள் தம்முள் மாறுபட்டவிடத்து நடுநின்று சான்று கூறுவது. நம் அறையில் நிகழ்ந்ததும் அதுவே. இருமுறையும் குறையை முதலிற் கண்டது காது. அதனை மெய்யென்று நாட்டியது அளவு. காது இன்றேல் எதனை அளப்பதென்று அறியோம். அளவு இன்றேல் எவரை நம்புவதென்று அறியோம்.

கருவிகளுக்குச் செலவாகுமே என்பாரும் உளர். ஒரு துறைக்கு ஓர் அளவெடுக்கும் ஒலிவாங்கி போதும், பல்லாண்டு உழைக்கும். இரு பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவிற்கோ எளிய ஒலிவாங்கியும் போதும். அதன் குற்றம் இரண்டு கோட்டிலும் ஒன்றாகவே படிதலின் வேறுபாடு மெய்யாகவே நிற்கும். அளவாது வாங்கிப் பொருந்தாது எறியும் ட்வீட்டர்களின் விலை இதனினும் பெரிது.

ஆதலின் நாம் துணிந்து கூறுவது இது. நம் மாணவர் கையாற் செய்த பொருள்களை ஒரு சிறு பழுதிற்காக எறிந்துவிடுதல் முறையன்று. மாற்றும் உறுப்பைப் பெயராலும் விலையாலும் தெரிந்தெடுத்தலும் முறையன்று. உள்ளதை முதலில் அளக்க. அளவிற்கு ஏற்றதைத் தெரிக. பொருத்தியபின் மீண்டும் அளக்க. அதன்பின் பயன்கொள்பவரைக் கேட்க.

பிறிதொன்றும் உண்டு. இளையோன் ஒருவன் முதியோரிடம் வந்து, ‘நீங்கள் கேளாதது எனக்குக் கேட்கிறது’ என்று கூறுமிடத்து, பெரும்பாலும் முதியோர் சொல்லே வெல்லும். அளவுகோலுக்கோ வயதும் பதவியும் தெரியா. அதனை நடுவில் வைக்கும் கல்லூரியில் முதலாண்டு மாணவன் சொல்லும் ஏறும்; ஆசிரியர் பிழையும் திருந்தும். ‘மனப்பிரமை’ என்று நாம் அன்று கூறிய சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அம்மாணவரிடம் நேரிலும் கூறினோம். இரண்டு ட்வீட்டர்களின் விலைக்கு நாம் பெற்ற படிப்பு இதுவே.